ஒரு மௌனத்துக்கு உத்தரவாதம் கொடுத்தவருக்கு

சொல்லைவிடச் செவியையும், செவியைவிடச் சான்றையும் நம்பி, சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளராக முப்பத்தோராண்டு முகம் சுளிக்காமல் உழைத்து, இன்று மாலை பட்டரவாக்கம் ரயில் நிலையத்துக்கு அலுவலகப் பையோடு கடைசி முறையாக நடக்கப்போகும், எங்கள் மதிப்புக்கும் வியப்புக்கும் உரிய திருமதி கஸ்தூரி அம்மையார் அவர்களுக்கு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உங்களோடு பணியாற்றியவர்கள் எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்!

மடல் என்றால் புகழ வேண்டும். உங்களை நேரில் புகழ்ந்தால் என்ன ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். சோதனை நடக்கும்போது கைப்பேசி ஒலிக்க விட்டவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு யாருக்கும் வாய் எழாது. ஆகவே பட்டங்களைக் குறைத்துக்கொண்டோம். அவற்றின் இடத்தில், நடந்த ஒன்றைச் சொல்கிறோம். அது நடந்த காலையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் நிறுவல் பிரிவின் மேலாளர் கோகுல்நாத். அவர் கண்டதையும் அவர் பட்டதையும் வைத்தே இதை எழுதியிருக்கிறோம். நீங்கள் பட்டதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தாளம் காத்த தகைமையீர்!

நம் வேலை என்ன என்று உறவினர்கள் கேட்டால் நாங்கள் திணறுவோம். நீங்கள் திணறியதில்லை. இணையத்தின் வழியே போகும் பேச்சு முழுதாகப் போவதில்லை, பொடிப்பொடியாக நறுக்கப்பட்டுப் போகிறது என்று தொடங்குவீர்கள். பலர் ஒரே அழைப்பில் கூடினால், தொலைபேசி சர்வர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு துண்டை எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, எல்லாருக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். நொடிக்கு ஐம்பது முறை, தாளம் தவறாமல். ஓர் அடி தவறினால் ஒரு துண்டு விழும். துண்டுகள் விழுந்தால் சொல் விழும். அந்தத் தாளம் எவ்வளவு சீராக விழுகிறது என்று அளந்து, நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவதுதான் நேரத் துல்லியச் சோதனை. பள்ளிக்கூடத்தில் தொண்ணூற்றெட்டு வாங்கிய பிள்ளைக்காகத் தெருவே இனிப்புத் தின்னும். இங்கே தொண்ணூற்றெட்டு என்றால் தோல்வி.

மதிப்பெண்ணோடு நீங்கள் நிற்க மாட்டீர்கள். அறையின் மின்விசிறிகளை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்களை மூடி உட்காருவீர்கள். சித்திரை வெயிலில் அந்த அறையில் நாங்கள் சிந்திய வியர்வைக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம். யாரும் இல்லாத பேருந்தை ஓட்டிப் பார்த்து பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதக் கூடாது என்பீர்கள். கூட்டம் ஏறிய பிறகுதான் உங்கள் சோதனை தொடங்கும்.

கோகுல்நாத் வேறு மாதிரி. வேகமாக நடப்பார், வேகமாக வாக்குக் கொடுப்பார். 'திங்கட்கிழமை ஓடும் சார்' என்று அவர் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு வருவார். திங்கட்கிழமை ஓடுமா என்பதை நீங்கள்தான் அவருக்குச் சொல்வீர்கள். உங்கள் இருவருக்கும் இடையில் இருந்த ஒரு கண்ணாடிக் கதவை அவர் இத்தனை ஆண்டில் ஒரே ஒரு முறை தவிரச் சத்தமில்லாமல் சாத்தியதில்லை. இதை அவர் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுக்க மாட்டார்.

கொரட்டூர், வானகரம், காட்டுப்பாக்கம் அடுக்ககங்களில் தனியாக வாழும் பெரியவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெங்களூரில், துபாயில், அதற்கும் அப்பால். சங்கத்துக்கு ஒரே ஒரு வேலைதான். காலை ஒன்பது மணிக்கு நம் சர்வர் எல்லார் வீட்டுத் தொலைபேசியையும் ஒரே நேரத்தில் அழைக்கும். பொத்தானை அழுத்தச் சிரமப்படுகிறவர்கள் இருப்பதால், மேசைமேல் இருக்கும் அந்தத் தொலைபேசி மணியடித்ததும் தானே திறந்துகொள்ளும். வீட்டுக்குள் எங்கிருந்து பேசினாலும் கேட்கும். செயலாளர் பக்தவத்சலம் பெயர்களைப் படிப்பார். ஒவ்வொருவரும் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வீட்டுக்கு, அருகில் வசிக்கும் உறுப்பினர் போய்ப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுவது போலத்தான். ஆனால் இங்கே வராதவர் விளையாடப் போயிருக்க மாட்டார்.

அதிலும் கேலிக்குக் குறைவில்லை. வானகரத்தில் முதல் மாடியில் தனியாக வசிக்கும் வேம்புலியம்மாள், தன் பெயர் வந்ததும், "கீறேன் நைனா, இன்னும் போவல" என்பார். ஆவடியில் ராணுவ உடை தைக்கும் ஆலையில், தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகிய குரல். அவர் பதில் சொல்லும் நேரம் பார்த்து மற்றவர்கள் தொலைபேசியின் சத்தத்தைக் குறைப்பார்கள். பக்தவத்சலமும் அதே ஆலையில் கண்காணிப்பாளராக இருந்தவர். அன்று அவரைக் கேலி செய்ய முடியாமல் போனதற்கெல்லாம் சேர்த்து வேம்புலியம்மாள் இப்போது தினம் காலையில் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சங்கத்துக்குச் சர்வர் கொடுக்கும் வேலையைச் சென்ற ஆண்டு கோகுல்நாத் பிடித்து வந்தார். விரைவில் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். எனவே தனிப் பெட்டி வாங்காமல், வாடகை இடத்தில் சர்வரை நிறுவினார். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல நிறுவனங்களின் சர்வர்கள் பக்கத்துப் பக்கத்து வீடு போலக் குடியிருக்கும் இடம் அது. ஆயுத பூஜை விடுமுறையில் சோதனை நடந்தது. மதிப்பெண் முழுதாக வந்தது. காதுக்கும் குறை தெரியவில்லை. நீங்கள் கையெழுத்திட்டீர்கள்.

விடுமுறை முடிந்து அலுவலகங்கள் திறந்ததும் சொற்கள் விழத் தொடங்கின. 'இருக்கேன்' என்றவர் 'ருக்' என்று கேட்டார். சிலர் கேட்கவே இல்லை. இல்லாதவர்களைத் தேடி இருக்கிறவர்கள் படியேறி இறங்கினார்கள். முட்டி வலிக்காரர்கள் முட்டி வலிக்காரர்களைப் பார்க்கப் போனார்கள். ஒரு நாள் காட்டுப்பாக்கத்தில் ஒருவரிடமிருந்து பதிலே வரவில்லை. கதவைத் தட்டியும் திறக்கவில்லை. புகாரைப் பார்க்க அங்கே போயிருந்த கோகுல்நாத், பக்தவத்சலத்தைக் கேட்டுவிட்டுக் கதவை உடைக்கச் செய்தார். உள்ளே ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர், இடுப்பில் துண்டோடு, குளியலறையிலிருந்து தலை நிறைய எண்ணெயோடு வெளியே வந்தார். ஒன்பது மணிக்கு மூன்று முறை இருக்கிறேன் என்று கத்தியதாகச் சொன்னார். நான்காவது முறை வேறு விதமாகக் கத்தினார்.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு பழக்கம் வந்தது. யார் பதில் சொல்லாவிட்டாலும், 'சர்வர் முழுங்கிடுச்சு' என்று சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள். அது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியது.

தளராத் தகவுடையீர்!

மறுபடியும் சோதனை வைத்தபோது திரையில் முழு மதிப்பெண்ணே வந்தது. கோகுல்நாத் அதைக் காட்டிச் சண்டைக்கே வந்துவிட்டார். பெரியவர்களுக்குத் தொலைபேசியைக் கையாளத் தெரியவில்லை என்றார். தாளம் சரியாக இருக்கும்போது குரல் எப்படித் தொலையும் என்றார். கதவையும் நன்றாகச் சாத்தினார்.

"மார்க் போடுறது யாரு?" என்று கேட்டீர்கள்.

"சர்வர்தான் மேடம்."

"பரீட்சை எழுதுறது?"

கோகுல்நாத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எழுதுவதும் அதே சர்வர்தான்.

பெரிய இயந்திரத்தில் அக்கம்பக்கத்துச் சர்வர்களுக்கு வேலை கூடினால், நம் சர்வரை அது சற்று நிறுத்தி வைக்கும். கண் இமைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் நம் சர்வரின் கடிகாரமும் சேர்ந்து நின்றுவிடும். மறுபடி ஓடும்போது, இடையில் ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து எண்ணும். தான் கண்ணயர்ந்தது அதற்கே தெரியாது. தன் கடிகாரத்தை வைத்துத் தன்னைத் தானே அளந்துகொண்டு தனக்கு முழு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. நம் தொழிலில் எல்லாரும் செய்கிற தவறு இது. செய்கிறோம் என்று தெரியாமல் செய்கிற தவறு.

நீங்கள் மேசைமேல் தனியாக நின்ற வேறொரு பெட்டியின் கடிகாரத்தை எடுத்தீர்கள். அதைக் கண்காணிப்பாளராக வைத்து, காலை ஒன்பது மணிக்கு, சங்கத்தின் அழைப்பு நடக்கும்போதே அளந்தீர்கள். தொண்ணூற்று மூன்று வந்தது. கோகுல்நாத் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். பிறகு கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

உங்கள் கையெழுத்தை நீங்களே அடித்தீர்கள். மேலிடத்துக்குப் போய்த் தனிப் பெட்டி கேட்டீர்கள். பொங்கலுக்குள் கொரட்டூரில் சங்க அறையில் ஓர் இரும்பு அலமாரியின்மேல் அது வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு காலையும், வெளிக் கடிகாரத்தை வைத்து, எல்லாரும் பேசும்போதே சோதித்தீர்கள். மதிப்பெண் நின்ற இடத்திலேயே நின்றது. சொல் ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் நீங்கள் ஒன்பது மணி அழைப்பில் தினம் செவியாக உட்காருவதை விடவில்லை. ஏன் என்று கோகுல்நாத் கேட்டார்.

"சர்வரைச் சரி பண்ணிட்டோம். சத்தம் வரலன்னா பயப்படணும்ங்கிறத அவங்க மறந்துட்டாங்களே, அத யாரு சரி பண்றது?" என்றீர்கள்.

அவருக்கு அது அன்று விளங்கவில்லை. விளங்கியது மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்று அவர் வேறு காரணத்துக்காக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சர்வர் திருப்தியாக இருக்கிறது என்று பக்தவத்சலத்திடம் ஒரு வார்த்தை வாங்க வேண்டும். காட்டுப்பாக்கத்துக் கதவுக்குப் பிறகு சங்கம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இந்தத் தினசரி அழைப்பே வேண்டாம், மானம் போகிறது என்று ஒரு பாதி. இன்னொரு முறை இப்படி நடந்தால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடுவதாகப் பக்தவத்சலம் பொதுக்கூட்டத்தில் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிறவர்.

பெயர்கள் வந்துகொண்டிருந்தன. பதில்கள் வந்துகொண்டிருந்தன. யாரோ இருமினார். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்தது. பக்தவத்சலம் வேம்புலியம்மாளின் பெயரைப் படித்தார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி படித்தார். சங்கத்திலேயே உரத்த குரல் அது. அதை எந்தச் சர்வரும் எளிதில் முழுங்க முடியாது. ஆனால் பழக்கம் வந்துவிட்டதே. சிலர் சிரித்தார்கள். ஒருவர், இன்று சர்வருக்கு நல்ல பசி என்றார்.

"தம்பி கோகுல்நாத், லைன்ல இருக்கீங்களா? உங்க பெட்டி ஆரம்பிச்சிருச்சு," என்று சொல்லிவிட்டு பக்தவத்சலம் அடுத்த பெயருக்குப் போனார்.

நீங்கள் மற்ற எல்லாருடைய குரலையும் உங்கள் காதிலிருந்து விலக்கினீர்கள். வேம்புலியம்மாள் வீட்டிலிருந்து வருவதை மட்டும் அழைப்பிலிருந்து பிரித்து உங்களுக்குத் திறந்து வைத்தீர்கள். கண்களை மூடினீர்கள். கோகுல்நாத் உங்கள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. வெளிக் கடிகாரம் போடும் மதிப்பெண் திரையில் வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் முழுதாக இருந்தன. அதை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு ஹெட்போனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தீர்கள்.

அவர் மாட்டிக்கொண்டார். ஆளரவம் இல்லை. தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"தண்ணி சத்தம் எங்கயாவது விட்டு விட்டு வருதா?"

"இல்ல மேடம். ஒரே சீரா வருது."

"தண்ணி சத்தம் துண்டு விழாம வருது. அப்ப குரல் மட்டும் எப்படி விழும்?"

கோகுல்நாத் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். நீங்கள் சொன்னது அவ்வளவு எளிதாக இருந்தது. சர்வர் எதையும் முழுங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து வர வேண்டியதெல்லாம் வந்துகொண்டிருந்தது. அதில் அந்தக் குரல் இல்லை.

நீங்கள் மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியைத் திறந்து அழைப்புக்குள் பேசினீர்கள். அதுவரை அந்த அழைப்பில் ஒரு சொல்லும் பேசாதவர் நீங்கள். சர்வர் சரியாக இருக்கிறது, அந்த அம்மா பேசவில்லை, ஆள் அனுப்புங்கள் என்றீர்கள். வானகரத்தில் போக வேண்டிய உறுப்பினர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பக்தவத்சலம் எரிச்சலோடு வேம்புலியம்மாளின் கைப்பேசிக்கு அடித்தார். அது அந்த வீட்டுக்குள்ளேயே ஒலித்தது. கோகுல்நாத் ஹெட்போனில் அதைக் கேட்டார். ஒரு பக்திப் பாட்டு, ஓர் எழுத்துக்கூடக் குறையாமல், இரண்டு முறை பாடி ஓய்ந்தது. பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"குளிச்சிகிட்டு இருக்கும்மா அந்தப் பொம்பள. தண்ணி சத்தம் கேக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. மறுபடியும் ஒரு கதவா?" என்றார் பக்தவத்சலம். பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்துச் சொன்னது போல, "அந்தப் பழைய பெட்டிக்கும் நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?" என்றார்.

அழைப்பில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோகுல்நாத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பழைய பெட்டியை அங்கே வைத்தவர் அவர். அந்தச் சொல் அவர்மேல் விழுந்திருக்க வேண்டியது.

"ஆமா சார். நான்தான் போட்டேன்," என்றீர்கள். உங்கள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "குளிச்சா தண்ணி சத்தம் அறுபடும். மொண்டு ஊத்தணும், ஆள் அசையணும். குடம் ரொம்புறப்ப சத்தம் கொஞ்சங்கொஞ்சமா மேல ஏறும். இது ரெண்டும் இல்ல. அப்பத்துல இருந்து ஒரே சத்தம். குடம் ரொம்பி வழியுது சார். லாரித் தண்ணி வாங்குற அடுக்ககத்துல, யாரு சார் குழாயத் திறந்து வழிய விட்டுட்டு சும்மா இருப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள்தான் அந்த அழைப்பில் இருந்த எல்லாரும்.

நம் களப்பணியாளர் தேவா அன்று வானகரத்தில், இரண்டு தெரு தள்ளி ஒரு பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கோகுல்நாத் அவரை ஓடச் சொன்னார். தேவா ஓடினார். சற்று நேரத்தில் கோகுல்நாத்தின் கைப்பேசியில், எல்லாருக்கும் கேட்கும்படி, மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணாத்தே, கதவு உள்ளாற தாப்பா போட்டுகினு கீது. தட்டு தட்டுன்னு தட்டியாச்சு. பக்கத்து ஊட்டுக்காரங்க வேணாம்ன்றாங்க. ஒடைக்கறதா, வேணாமா?"

பக்தவத்சலம் தான் சொல்ல மாட்டேன் என்றார். போன முறை சொன்னதே போதும் என்றார். கோகுல்நாத் சொல்லட்டும் என்றார்.

கோகுல்நாத் உங்களைப் பார்த்தார். உள்ளே அந்த அம்மா நலமாக இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். சங்கம் கலையும். நாளை முதல் ஒன்பது மணிக்கு யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிறகு எங்கோ ஒரு வீட்டில் யாரோ விழுந்தால், நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். உடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நீங்கள் வற்புறுத்தவில்லை. ஹெட்போனை மறுபடி அவர் காதருகே வைத்தீர்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு துண்டுகூடக் குறையாமல்.

"ஒடைடா," என்றார்.

கதவு உடைவதை அவர் அந்த ஹெட்போன் வழியாகவே கேட்டார். முதல் இடி. இரண்டாவது. மரம் பிளக்கும் ஓசை. தேவாவின் காலடிகள் தண்ணீரில் சளக்கென்று விழுந்தன. பிறகு குழாய் மூடப்பட்டது. அந்த நிமிடம் அந்த வீட்டில் நிலவிய அமைதியைப் போல் ஒன்றைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று கோகுல்நாத் எங்களிடம் சொன்னார். அதுவும் முழுதாக வந்தது என்றார்.

"மேடம், உயிர் கீது," என்றார் தேவா.

வேம்புலியம்மாள் சமையலறை ஈரத்தில் வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலையிலும் அடி. வழிந்த தண்ணீரில் நனைந்து உடல் விறைத்திருந்தது. பக்தவத்சலம் கூப்பிட்டது தன் காதில் விழுந்ததாகவும், மூச்சுதான் குரலாக வரவில்லை என்றும் பிறகு மருத்துவமனையில் சொன்னார். மற்றவர்கள் சிரித்ததும் காதில் விழுந்தது என்றார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று பார்க்கப் போனவர்கள் சொன்னார்கள்.

ஆனால் அன்று ஆம்புலன்ஸ் வருவதற்குள், தேவா போர்வை போர்த்திவிட்ட கொஞ்ச நேரத்தில், அவருக்குக் குரல் திரும்பிவிட்டது. நீங்கள் அந்த வீட்டின் ஒலியை மறுபடி எல்லாருக்கும் திறந்துவிட்டிருந்தீர்கள். அழைப்பில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

"கதவ ஒடச்சிட்டியே, யாரு நைனா செஞ்சி குடுப்பான்? ஒம் மொதலாளியா?"

"செய்வாருமா. நீ பேசாத படு."

"பேசாம படுத்துகினுதான இருந்தேன் இம்மாம் நேரம்."

அதற்குப் பக்தவத்சலத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பா வேறொன்றா என்று கோகுல்நாத்தால் பிரிக்க முடியவில்லை. பெரியவர் பிறகு பெயர்களை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். ஏற்கெனவே பதில் சொன்னவர்கள் எல்லாரும் மறுபடி பதில் சொன்னார்கள். யாரும் கேலி பேசவில்லை. ஒவ்வொருவரும் தன் குரலைத் தானே கேட்டுப் பார்ப்பது போலச் சொன்னார்கள். கடைசிப் பெயர் முடியும்வரை நீங்கள் நாற்காலியிலிருந்து எழவில்லை.

அதன் பிறகுதான் மின்விசிறியைப் போட்டீர்கள். கோகுல்நாத் தண்ணீர் எடுத்து வர எழுந்தார். வேண்டாம், இன்று தண்ணீர் போதும் என்றீர்கள்.

அருமை அறிந்த அம்மையீர்!

உங்கள் பணிக்காலத்தில் சோதித்த சர்வர்கள் பல. பொத்தான் தொலைபேசிகளின் காலத்தில் சேர்ந்து, நம் தொழில் முழுவதும் இணையத்துக்கு மாறியபோது நாற்பது வயதுக்கு மேல் புதிதாகப் படித்துத் தேர்ந்தவர் நீங்கள். மகப்பேறு விடுப்பில் இருந்த நம் பிரிவு ஆக்னஸின் வேலையையும் சேர்த்துச் செய்துவிட்டு அதை அவருக்கே சொல்லாதவர் நீங்கள். சோதனை அறையில் யாரும் பிறந்தநாள் கேக் வெட்டக் கூடாது என்று தடை விதித்தவரும் நீங்கள். எல்லாவற்றையும் எழுதினால் இந்த மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்காது.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். ஒரு கருவி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது நம் எல்லாருக்கும் தெரிந்த வேலை. கருவி சரியாக இருக்கிறது, ஆகவே இந்த மௌனம் மெய்யானது என்று சொல்வது வேறு. முன்பு ஒருமுறை தவறிய கையெழுத்தை அத்தனை பேர் நடுவில் ஒப்புக்கொண்டுவிட்டு, அடுத்த மூச்சில் அதைச் சொல்வது அதனினும் வேறு. எங்களில் யாருக்கும் அது வந்திருக்காது. அன்றிலிருந்து உங்கள் அறையைக் கடக்கும்போது எங்கள் நடை தானாக மெதுவாகிவிடுகிறது.

வேம்புலியம்மாள் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இன்றைய விழாவுக்கு வர ஆசைப்பட்டார்; நம் கட்டடத்தின் மாடிப்படியை நினைத்து மருத்துவர் விடவில்லை. பக்தவத்சலம் வந்திருக்கிறார். பேசச் சொன்னோம். தனக்குப் பேச வராது என்றார். இத்தனை பேருக்கும் அது புதுச் செய்தி.

அந்தச் சங்கத்தில் இப்போதெல்லாம் ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் யாரும் நமக்கு போன் செய்வதில்லை. சர்வர் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

நம் தொழிலில் ஒருவர் பெறக்கூடிய மதிப்பெண் இதற்குமேல் உண்டா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அம்மையீர், உங்களுக்கு ஆயுள் நீளட்டும். இரத்த அழுத்தம் அளவோடு நிற்கட்டும். மூட்டுகள் பேசாதிருக்கட்டும். செவிகள் இன்றுபோல் என்றும் இருக்கட்டும். இனி உங்கள் காலைகளில் ஒன்பது மணிக்கு எதையும் சோதிக்க வேண்டியதில்லை. காப்பி ஆறுவதற்குள் குடியுங்கள். உங்களுக்கு நாங்கள் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது நாங்கள் வேலை செய்யும் விதத்தில் தெரியட்டும்.

வணங்கி விடைதரும்,
சோதனை, நிறுவல், களப்பணிப் பிரிவுப் பணியாளர்கள்
அம்பத்தூர் தொழிற்பேட்டை